மருந்து வச்சாச்சு

எங்க தெருவுல என் பேரைச் சொல்லிக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. நாய்க்கார டெய்லரம்மா வீடு எதுன்னு கேளுங்க, சின்னப்பிள்ளைகூட கூட்டிட்டு வந்து வாசல்ல விட்டுரும். முதல்ல எனக்குக் கோவம் கோவமா வரும். அப்புறம், பொய்யா சொல்றாங்க, போகட்டும்னு விட்டுட்டேன்.

திண்டுக்கல்லுல இருந்து வேடசந்தூர் போற ரோட்டுல, ஊரு முடியுற இடத்துல எங்க வீடு. எங்களுக்கு அங்கிட்டு வீடு கிடையாது, மல்லித் தோட்டமும் சம்மங்கித் தோட்டமும்தான். முன் ரூம்ல மெஷினைப் போட்டு ஜாக்கெட்டு, சுடிதார் தைக்கிறேன். வீட்டுக்காரர் மில்லு பஸ் ஓட்டுறாரு. வீட்டுக்குள்ள ஒரு கிழட்டு நாய் இருக்கு, அது எங்க நாய். தெருவுல கிடக்குறதுக யாரு நாயும் இல்ல, அதனால அதுகளும் என் நாய்தான்.

நான் ஒண்ணும் பெருசா செஞ்சு கிழிச்சுறல. கோழிக்கடையில ஒதுக்கி வைக்கிற காலு, கழுத்தை வாங்கி ரேஷன் அரிசியோட மஞ்சத்தூள் போட்டு வேக வச்சு ஊத்துவேன். வாசல்ல ஒரு சிமெண்ட் தொட்டி, அதுல எந்நேரமும் தண்ணி. வெறிநாய் ஊசி போட ஆள் வந்தா நாயைப் பிடிச்சுக் குடுக்க நான்தான் போகணும், வேற யாருகிட்டயும் அதுக நிக்காது. கருத்தடை ஆபரேஷன் ஆன நாய் தையலை நக்கிப் பிச்சிரும். அதுக்கு வெட்டுத்துணியில நாலு கால் ஓட்டை வச்சுச் சட்டை தச்சுக் குடுப்பேன். சின்னாளப்பட்டி சுங்குடித் துண்டுல தச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு ஒரு கறுப்பு நாய் தெருவுல போனப்ப, எனக்கு ஒரு சட்டை தைக்கச் சொன்னா மட்டும் உனக்கு நேரமில்லன்னு வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரு. நாய் வளர்க்குற வீட்டுல இருக்குற யாரும் செய்யக்கூடிய வேலைதான் எல்லாம். பேரு மட்டும் வைக்க மாட்டேன். பேரு வச்சுட்டா அது செத்தா அழணும்.

அதுலயும் ஒரு செவலைப் பொட்டை. சரியான திமிரு பிடிச்சது. சோறு வச்சா, நான் உள்ள போனப்புறம்தான் வந்து தின்னும். ஆபரேஷனுக்குப் பிடிக்கப் போன அன்னைக்கெல்லாம் எப்படித்தான் தெரியுமோ, தோட்டத்துப் பக்கம் ஓடிப் போயிரும். கடைசியில குட்டி போட்டுக்கிட்டு வந்து நின்னுச்சு. போட்ட இடம் எது தெரியுமா? தெருக்கடைசி மல்லித் தோட்டத்து மோட்டார் ரூம். வேற இடமே கிடைக்கலையா இதுக்குன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

ஏன்னா அந்தத் தோட்டக்காரருக்கும் எனக்கும் ஏற்கனவே முட்டிக்கிட்டாச்சு. ஐம்பது ஐம்பத்தஞ்சு வயசிருக்கும் அவருக்கு, அதிகம் பேசாத ஆளு. மழைக்காலத்துல அவரு வளர்த்த சேவலைத் தெருநாய் ஒண்ணு கடிச்சுப் போட்டுருச்சு. செத்த சேவலைக் காலைப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்து என் வாசல்ல வச்சாரு. சத்தம் போட்டிருந்தா நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், அதுல நான் யாருக்கும் சளைச்சவ இல்ல. அவரு சத்தமே போடல.

"இன்னொரு கோழி போச்சுன்னா மருந்து வச்சிருவேன் தாயி. சொல்லாம செஞ்சுட்டான்னு இருக்கக்கூடாது பாரு," அப்படின்னாரு. சொல்லிட்டுத் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. தெருவே நின்னு கேட்டுச்சு.

எங்க பக்கம் மருந்துன்னா ரெண்டும்தான். காய்ச்சலுக்குக் குடிக்கிறதும் மருந்து, கத்திரிச் செடிக்கு அடிக்கிறதும் மருந்து. ஒருத்தன் மருந்து குடிச்சான்னு சொன்னா, எந்த மருந்துன்னு அவன் வீட்டு வாசல்ல நிக்கிற கூட்டத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். ஆனா நாய்க்கு மருந்து வைக்கிறதுன்னா மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது. நாங்க முன்ன குடியிருந்த தெருவுல வச்சிருக்காங்க, நான் கண்ணால பார்த்திருக்கேன். வாயில நுரையோட சாக்கடையில விழுந்து விழுந்து எந்திரிச்சதுக. அதுக்கப்புறம் எத்தனையோ நாள் எனக்குச் சோறு இறங்கல.

அவரு சொல்லிட்டுப் போன நாள்ல இருந்து நான் நிம்மதியா விடிஞ்சதே கிடையாது. காலையில கதவைத் திறந்ததும் முதல் வேலை, எல்லாம் இருக்கான்னு பார்க்குறது. ஒண்ணு குறைஞ்சா அடுப்பை அணைச்சுட்டுத் தேடப் போயிருவேன். தெருவுல ஒரு வடைத்துண்டு கிடந்தாலும் பொறுக்கி எடுத்து மோந்து பார்ப்பேன். பார்க்குறவங்க என்ன நினைச்சாங்களோ, அவங்க நினைச்சுட்டுப் போகட்டும்.

அப்படி இருக்கையிலதான் செவலைக்குத் தொடையில புண்ணு வந்துச்சு. முள்ளுக்கம்பியில கிழிச்சதுன்னு நினைக்கிறேன். ஈ மொய்ச்சு, புழு வச்சிருச்சு. நொண்டிக்கிட்டே சோத்துக்கு வரும், பக்கத்துல போனா ஓடிரும். நானும் கற்பூர எண்ணெய் பாட்டிலை வச்சுக்கிட்டு அது பின்னாடியே அலைஞ்சேன். அந்தத் தோட்டத்துக்குள்ள போக எனக்குக் கால் வரல. இதுல அது தாய் நாய், நாலு குட்டி பால் குடிக்குது. அது போச்சுன்னா அம்புட்டும் போச்சு.

அன்னைக்குக் காலையில ஒரு ஜாக்கெட்டுக்குக் கை மூட்டிக்கிட்டு இருந்தேன். வீட்டுக்காரர் போன் பண்ணாரு. டீக்கடையில நிக்கிறேன், பஸ்ஸை எடுக்கணும்னு அவசரம் அவசரமாப் பேசினாரு.

"இந்தா, தோட்டக்காரரைப் பார்த்தேன். மருந்து வச்சாச்சாம். உன்கிட்ட சொல்லிரச் சொன்னாரு."

அம்புட்டுத்தான், போனை வச்சுட்டாரு. திருப்பித் திருப்பிப் போடுறேன், எடுக்கல. பஸ் ஓட்டும்போது எடுக்க மாட்டாரு.

மெஷினை விட்டு எந்திரிச்சேன், ஊசி துணியிலயே நிக்குது. எங்க கிழட்டு நாயை உள்ள தள்ளிக் கதவைச் சாத்தினேன். செருப்பு போட்டேனா இல்லையான்னுகூட நினைப்பில்ல. எதிர் வீட்டு அக்கா வாசல் கூட்டிக்கிட்டு இருந்தவங்க, என்னடி இந்த ஓட்டம்னு கேட்டாங்க.

"மருந்து வச்சுட்டாருக்கா, அந்தப் பாவி மருந்து வச்சுட்டாரு," அப்படின்னு கத்திக்கிட்டே ஓடினேன்.

தெருவுல கிடந்ததுக ஒவ்வொண்ணா தலையைத் தூக்கிப் பார்த்துச்சு. வாலை ஆட்டுச்சுக. ஒண்ணு ஒண்ணா வாயைப் பிடிச்சுப் பார்த்தேன். நுரை இல்ல. செவலையை மட்டும் காணோம். மாதாவே, குட்டிக்காரியை மட்டும் விட்டுரும்மான்னு வாய் தன்னால முணுமுணுக்குது. தோட்டத்து வேலியைத் தாண்டி உள்ள போனேன். இத்தனை நாளா பயந்துக்கிட்டு நின்ன இடம், அன்னைக்கு அந்த நினைப்பே வரல.

மோட்டார் ரூம் வாசல்ல செவலை படுத்திருந்துச்சு. குட்டிக வயித்துல ஒட்டிக்கிட்டு பால் குடிக்குதுக. என்னைப் பார்த்ததும் செவலை காதை நிமித்துச்சு. உயிரோடதான் இருக்கு. ஓடி வந்த வேகத்துல அப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

தோட்டக்காரர் மம்பட்டியோட பாத்தியில நின்னவரு, என்னைப் பார்த்துட்டு மெதுவா வந்தாரு.

"எங்கண்ணே வச்சீங்க? சொல்லிருங்கண்ணே, எதுல வச்சீங்க?"

"தொடையிலதான் தாயி. வேற எங்க வைக்க? புண்ணு அங்கதான இருக்கு."

எனக்கு ஒண்ணும் புரியல. அவருதான் பொறுமையா சொன்னாரு. பால் குடுக்குற உயிரு, புழு நெளியறதைப் பார்த்துக்கிட்டு வேலை செய்ய ஏலலையாம். விடியக்காலையில துண்டை நாய் வாயில சுத்திக்கட்டி, அமுக்கிப் பிடிச்சு, புண்ணுக்கு மருந்து வச்சிருக்காரு. டெய்லரம்மா எண்ணெய் பாட்டிலோட வேலிக்கு வெளிய நின்னு பார்த்துட்டுப் போகுதே, இனி அலைய வேண்டாம்னுதான் என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி விட்டிருக்காரு.

சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு எனக்கு. அங்கனயே தரையில உக்காந்துட்டேன். மன்னிச்சுக்கங்கண்ணே, நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்னு சொன்னேன். நினைக்கத்தான தோணும், நான் சொன்ன சொல்லு அப்படின்னு அவரும் சிரிச்சாரு. அவரு சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

செவலையை நல்லாப் பார்ப்போம்னு கிட்டப் போனேன். ஓடாம கிடந்துச்சு. என்னடா இது, திமிரு பிடிச்சது இம்புட்டு அடக்கமா இருக்குன்னு முதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் அதோட வாயைப் பார்த்தேன். எச்சில் கயிறா வடிஞ்சு தரை நனைஞ்சு கிடக்கு. தொடைப் புண்ணு மேல சாம்பல் நிறத்துல தூள். ஒரு வாடை. எனக்குத் தெரிஞ்ச வாடைதான். தோட்டத்துல செடிக்கு அடிக்கிற அன்னைக்கு ஜன்னலைச் சாத்திட்டுத் தைப்பேனே, அந்த வாடை.

"என்ன மருந்துண்ணே வச்சீங்க?"

"நம்ம மருந்துதான் தாயி." மோட்டார் ரூம் பரண்ல இருந்து டப்பாவை எடுத்து வந்து காட்டினாரு. டப்பாவுல சிவப்பு முக்கோணம். "மல்லி மொட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்குற புழுவையே சாகடிச்சிருது. இந்தப் புழு எம்மாத்திரம்?"

புண்ணுன்னா நாய் நக்கத்தானண்ணே செய்யும்னு சொன்னேன். நான் கத்தினேனா மெதுவா சொன்னேனா, ஞாபகமில்ல. அவரு முகம் மாறினது மட்டும் இன்னைக்கும் கண்ணுல நிக்குது. செவலையைப் பார்த்தாரு, குட்டிகளைப் பார்த்தாரு. டப்பாவை எங்க வைக்கிறதுன்னு தெரியாம ஏதோ ஒரு மூலையில வச்சாரு.

குட்டிகளை முதல்ல பிரிச்சு ஒரு பூக்கூடையில போட்டேன். அதுக கத்துதுக. அவரு மோட்டாரைப் போட்டுத் தண்ணியைத் திறந்து விட்டாரு. வெறுங்கையோட புண்ணைக் கழுவக் குனிஞ்சவரைத் தடுத்து, கேரி பேக்கைக் கையில மாட்டிவிட்டு நானும் மாட்டிக்கிட்டேன். சோப்பைப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, அதோட தோல் உள்ளுக்குள்ள துடிக்கிறது என் கைக்குத் தெரியுது. முதல்ல தொடை துடிச்சுச்சு, அப்புறம் முதுகு, அப்புறம் முழு உடம்பும். குளிர்ல நடுங்குதுன்னு அவரு சொன்னாரு. இல்லண்ணே, வண்டியை எடுங்கன்னேன்.

பூ மூட்டை ஏத்திட்டு மார்க்கெட்டுக்குப் போற குட்டியானை வண்டி அவருது. பின்னாடி சாக்கை விரிச்சு செவலையைப் போட்டு, குட்டிக்கூடையையும் வச்சுக்கிட்டு நான் உக்காந்தேன். மாட்டாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ரோடு தெரிஞ்ச ரோடுதான், தினமும் போற ரோடுதான், அன்னைக்கு முடியவே மாட்டேங்குது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவரு பின்னாடி கண்ணாடி வழியாத் திரும்பிப் பார்த்து, இருக்கா தாயின்னு கேட்டாரு. இருக்குண்ணே, ரோட்டைப் பாருங்கன்னு சொன்னேன். அதோட நெஞ்சுல கையை வச்சுக்கிட்டே சொன்னேன், இல்லன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது. ஒரு தடவை அது என் விரலை நக்க வந்துச்சு. இத்தனை வருசமா கிட்ட வராதது, அன்னைக்கு நக்க வருது. கையை இழுத்துக்கிட்டேன், அதோட எச்சில்ல விஷம் இருக்குமேன்னு. அந்த நேரத்துல அதுவும்தான் பயமா இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கண் இமையை விரிச்சுப் பார்த்தாங்க. கண்ணுமணி கடுகாச் சுருங்கிப் போச்சு. என்ன மருந்துன்னு கேட்டு, அவரு டப்பா பேரைச் சொன்னதும் அவங்க கை ஓட ஆரம்பிச்சுச்சு. ஊசி மேல ஊசி. இன்னொரு ஆள் வந்து குளுக்கோஸ் ஏத்தினாரு. நடுவுல அந்த டாக்டரம்மா தோட்டக்காரரைத் திரும்பிப் பார்த்து, அந்த மருந்தை வெறுங்கையிலயா தொட்டீங்க, முதல்ல போய்க் கையைக் கழுவுங்க, நல்லாக் கழுவுங்கன்னு சொன்னாங்க. அவரு குழாயடிக்குப் போனாரு. நான் செவலையோட தலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நடுக்கம் குறைஞ்சுச்சு. மருந்து பிடிச்சிருச்சுன்னு நினைச்சு டாக்டரம்மா முகத்தைப் பார்த்தேன். அவங்க என்னைப் பார்க்கல.

செத்துப்போச்சு. பேரு வைக்காட்டியும் அழுகை வரத்தான் செஞ்சுச்சு.

புழுப்புண்ணுக்குன்னே தனியா ஸ்பிரே இருக்கு, மெடிக்கல்லயே கிடைக்கும், இல்லாட்டி இங்க ஒரு போன் போட்டிருக்கலாமேன்னு டாக்டரம்மா சொன்னாங்க. திட்டல, வருத்தமாத்தான் சொன்னாங்க. நாக்கு எட்டாத இடம்னு நாய் உடம்புல ரொம்பக் கொஞ்சம்தாங்கன்னாங்க. குட்டிகளைப் பார்த்துட்டு, இப்போதைக்குப் பயமில்ல, ஆனா ராத்திரி வரைக்கும் கவனமாப் பார்க்கணும்னு சொன்னாங்க. வெளிய வந்தா தோட்டக்காரர் இன்னும் குழாயடியிலயே நிக்கிறாரு. கையைக் கழுவிக்கிட்டே இருக்காரு. போதும்ணே, வாங்கன்னு நான்தான் குழாயை மூடினேன்.

"புழுவுக்குத்தான தாயி வச்சேன்," அப்படின்னாரு. அந்த ஆளை அடிக்கணும் போலவும் இருந்துச்சு, அவரு கையைத் துடைச்சு விடணும் போலவும் இருந்துச்சு. ரெண்டும் செய்யல, வண்டியில ஏறிட்டேன்.

தெருவுக்குள்ள வண்டி வந்தப்ப எதிர் வீட்டு அக்காவும் இன்னும் நாலஞ்சு பேரும் நின்னாங்க. காலையில நான் கத்திட்டு ஓடின சத்தம் தெரு முழுக்கப் போயிருந்துச்சு. வண்டியில சாக்குச் சுத்திக் கிடந்ததைப் பார்த்தாங்க. அக்கா நேரா அவருகிட்டப் போனாங்க.

"மருந்து வச்சீங்களா?"

"ஆமா. வச்சேன்," அப்படின்னாரு.

வேற ஒரு வார்த்தை வரும்னு நான் காத்துக்கிட்டு நின்னேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. கேட்ட கேள்விக்கு அதுதான பதிலு. கூட்டத்துல ஒருத்தர் காறித் துப்பினாரு. அப்புறம்தான் எனக்கு வாய் வந்துச்சு. புண்ணுக்குக்கா, புண்ணுக்கு வச்சாரு, தெரியாம வச்சுட்டாருன்னு சொன்னேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாங்க. நீதானடி காலையில மருந்து வச்சுட்டாரு, பாவின்னு சொல்லிட்டு ஓடுன, இப்ப அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா மழுப்புறயான்னு கேட்டாங்க. எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அன்னைக்கு மட்டுமில்ல, அதுக்கப்புறமும் ஜாக்கெட்டு தைக்க வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லியாச்சு. நீ நல்லவ, அதான் அப்படிச் சொல்றன்னு துணியை வாங்கிட்டுப் போயிருவாங்க. அவரு தோட்டத்துப் பக்கம் பிள்ளைகளை விடுறதில்ல. பண்டம் குடுத்தா வாங்காதன்னு சொல்லி வச்சிருக்காங்க. அது அவருக்கும் தெரியும்.

செவலையை அவரு தோட்டத்துலயே வேலியோரமாப் புதைச்சோம். குட்டிகளை நான் கொண்டு வந்துட்டேன். டாக்டரம்மா சொன்ன பால் பவுடரைக் கரைச்சு, பாட்டில்ல ஊத்தி ஊத்தி வளர்த்தேன். முதல் ரெண்டு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒண்ணு அசையாமத் தூங்கினாப் போதும், வயித்துல கையை வச்சு மூச்சு இருக்கான்னு பார்ப்பேன். வாயில ஒரு சொட்டு பால் வழிஞ்சாலும் நுரையோன்னு திக்குன்னு இருக்கும். என் வீட்டுக்காரர் சோறு இல்லாமகூட வேலைக்குப் போனாரு, வாயைத் திறக்கல. அந்தப் போனை ஒழுங்காப் பேசியிருக்கலாமேன்னு அவருக்கும் உள்ளுக்குள்ள இருந்திருக்கும். ஒழுங்காப் பேசியிருந்தா நானும் போயிருக்க மாட்டேன், அது அங்கனயே கிடந்து செத்திருக்கும், அது வேற விசயம்.

நாலும் பிழைச்சுக்கிச்சு. கண்ட வீட்டுக்கும் குடுக்க மாட்டேன் நான். வீட்டைப் போய்ப் பார்த்து, ஊசி போடுவீங்களா, மழைக்கு எங்க படுக்கும், ஊருக்குப் போனா யாரு பார்ப்பான்னு ஆயிரம் கேள்வி கேப்பேன். பொண்ணு குடுக்குறவங்ககூட இம்புட்டுக் கேட்க மாட்டாங்கன்னு கோழிக்கடைக்காரர் அலுத்துக்கிட்டாரு. அவருக்கு ஒண்ணு, மில்லுல வேலை பார்க்குற பிள்ளை வீட்டுக்கு ஒண்ணு, சின்னாளப்பட்டிக்கு ஒண்ணு போச்சு. கடைசியா ஒரு செவலைக் கடுவன் குட்டி மிஞ்சுச்சு.

அதுக்குத்தான் தோட்டக்காரர் வந்தாரு. வாசப்படி ஏறல, கேட்டுக்கு வெளியவே நின்னாரு. அந்தக் குட்டியை எனக்குத் தர்றியா தாயி, தோட்டத்துல கிடக்கட்டும்னு கேட்டாரு.

அவரு மேல தப்பில்லன்னு இந்தத் தெருவுலயே தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். ஊருக்கெல்லாம் சொன்னவளும் நான்தான். ஆனா குட்டியைக் குடுன்னு கையை நீட்டினப்ப, அந்தக் கையைத்தான் பார்த்தேன். அவரும் தன் கையைப் பார்த்துட்டு கீழ இறக்கிக்கிட்டாரு.

ஒரு கேள்வியும் கேட்காம குட்டியைத் தூக்கிக் குடுத்தேன். எதுவும் வைக்காதீங்கண்ணேன்னு மட்டும் சொன்னேன்.

"புண்ணு வந்தா?"

"என்னைக் கூப்பிடுங்க."

சரின்னு தலையாட்டிட்டு, குட்டியைத் துண்டுல சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போனாரு.

தினமும் கோழிக்கடைக்கு நான் சுத்து வழியில, அவரு தோட்டத்து வேலியோரமாத்தான் போறேன். குறுக்கு வழி இருக்குன்னு அவருக்கும் தெரியும். என் செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், பூ எடுத்துக்கிட்டு இருந்தாலும் கூடையைக் கீழ வச்சுட்டு, ரெண்டு கையாலயும் குட்டியைத் தூக்கி, வேலிக்கு மேல எனக்குக் காட்டுறாரு. நான் கேட்கவே இல்ல. குட்டி வாலை ஆட்டிக்கிட்டு தொங்குது. வேண்டாம்ணே, நான் நம்புறேன், கீழ விடுங்கன்னு ஒரு நாளாவது சொல்லணும்னு நினைச்சுக்கிட்டேதான் போறேன். ஆனா அதோட வாயையும் கண்ணையும் நல்லாப் பார்த்துட்டுத்தான் அங்கிட்டு நகர்றேன்.